வாசல் பக்கத்து மூன்று ஜாடிகள்

எனக்கு ஒரு இடத்தில் உட்காரத் தெரியாது. மயிலாப்பூரில் எங்கள் வீட்டில் "இவ கால்ல சக்கரம் கட்டிண்டு பொறந்தவ" என்பார்கள். கல்யாணமாகி இரண்டே வருஷத்தில் அவர் போய்விட்டார். மூலையில் உட்கார் என்றார்கள். உட்கார்ந்து பார்த்தேன், ஆறு மாதம் தாங்கியது. ஒரு நாள் காலையில் கிளம்பிப் போய் நர்ஸ் படிப்புக்குப் பேர் கொடுத்துவிட்டு வந்தேன். அன்றிலிருந்து வீட்டில் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள். நல்லதாகப் போயிற்று, எனக்கும் கேட்க நேரமில்லை.

படிப்பு முடிந்ததும் அடையாற்றில், ஆற்றுக்குத் தெற்கே, ஒரு டாக்டரம்மா நடத்திய சின்னப் பிரசவ விடுதியில் சேர்ந்தேன். எட்டுக் கட்டில், ஒரு பிரசவ அறை, ஒரு டாக்டர், முழு நர்ஸ் என்று நான் ஒருத்திதான். முப்பதுகளின் ஆரம்பம் அது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் மின்சாரக் கம்பி வந்திருந்தது. எங்கள் தெருவுக்கு 'இதோ வருகிறது, அதோ வருகிறது' என்ற பேச்சு மட்டும் வந்திருந்தது. டாக்டரம்மா காத்திருக்கிற ரகமில்லை. பின்பக்கம் ஷெட் போட்டு எண்ணெய் எஞ்சின் ஒன்றை நிறுத்தினார். பக்கத்து அறையில் இரண்டு மர பெஞ்சுகளின் மேல் இருபத்தாறு கண்ணாடி ஜாடிகளில் பாட்டரி. எஞ்சின் ஓடும்போது அந்த ஜாடிகளில் கரண்டு ஏறும். எஞ்சினை நிறுத்தியபின் அவற்றிலிருந்து விளக்கு எரியும். வலியில் கிடப்பவளின் காதில் எஞ்சின் டபடபவென்று அடிக்கக் கூடாது என்பது டாக்டரம்மாவின் உத்தரவு. ஆகவே பிரசவ அறையின் பெரிய விளக்கு முழுக்க முழுக்க அந்த ஜாடிகளை நம்பித்தான் எரிந்தது.

எஞ்சினை ஓட்டுவதற்கு ராயப்பேட்டையிலிருந்து ஒரு பாய் வாரம் இரண்டு நாள் சைக்கிளில் வருவார். அவர்கள் குடும்பத்தில் எல்லாருமே வண்டி வேலைக்காரர்கள். குதிரை வண்டிச் சக்கரத்தில் ஆரம்பித்து மோட்டார் காருக்கு வந்தவர்கள். காலையில் எஞ்சினைக் கிளப்பினால் மத்தியானம் வரை ஓட்டுவார். ஒரு கண்ணாடிக் குழாயை ஒவ்வொரு ஜாடியிலும் விட்டு ஆசிட்டை உறிஞ்சுவார். குழாய்க்குள் ஒரு சின்ன மிதவை உண்டு. அது மேலே நின்றால் ஜாடி தெம்பாக இருக்கிறது, முழுகினால் சோர்ந்துவிட்டது.

இந்த ஜாடிகள் தண்ணீர் குடிக்கும். கரண்டு ஏறும்போது உள்ளே இருக்கும் தண்ணீர் குமிழி குமிழியாகப் போய்விடும். ஆசிட் அப்படியே நிற்கும். தகடுகள் வெளியே தெரியும் முன் தண்ணீர் விட்டுவிட வேண்டும். கிணற்றுத் தண்ணீர் ஆகாது, குழாய்த் தண்ணீர் ஆகாது, காய்ச்சி வடித்த தண்ணீர்தான் வேண்டும். ஊசி மருந்துக்காக அதைத் தினமும் வடித்துக்கொண்டிருந்தவள் நான். "தண்ணீர் உன்னுடையது, ஜாடியும் உன் பொறுப்பு" என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். பிள்ளை பெறுகிறவர்களைப் பார்த்துக்கொள்ள வந்தவள், இருபத்தாறு ஜாடிகளுக்குப் பாலூட்டுகிறவளாகவும் ஆனேன்.

முதலில் மூக்கு வைத்த கண்ணாடிக் குவளையில் ஊற்றினேன். பாதி உள்ளே, பாதி பெஞ்சின் மேல். போதாக்குறைக்கு என் அவசரம். எஞ்சின் ஓட்டும் முன்பே எல்லா ஜாடியையும் விளிம்பு மட்டும் நிரப்பிவிட்டுப் பெருமையாக நின்றேன். கரண்டு ஏற ஏற உள்ளே மட்டம் எழும்பி, ஆசிட் வழிந்து, தரையில் நுரைத்தது. அதைத் துடைக்கப் போய் என் வெள்ளைப் புடவையின் தலைப்பு கையில் வந்துவிட்டது. "அரே நர்சம்மா, அது துன்னு முடிக்கட்டும், அப்பால தண்ணி குடு. மொதல்லயே குடுத்தா கக்காம இன்னா பண்ணும்?" என்று பாய் சிரித்தார். அன்றிலிருந்து கரண்டு ஏற்றி முடித்த பிறகுதான் தண்ணீர்.

அடுத்து பாய் ஒரு ரப்பர் குமிழ் கொண்டுவந்தார். அமுக்கி உறிஞ்சி, அமுக்கி விட வேண்டும். ஒரு ஜாடிக்குப் பத்துத் தடவை அமுக்கினால் இருபத்தாறுக்கு எத்தனை என்று பாருங்கள். கட்டை விரல் மரத்துப் போகும். எனக்கோ அதற்குள் மூன்று தடவை கோபம் வந்து போய்விடும்.

அப்புறம் மவுண்ட் ரோடு கம்பெனி ஒன்றின் ஏஜெண்ட் வந்தார். தலைப்பாகை, மூக்குக் கண்ணாடி, கையில் படம் போட்ட புத்தகம். மேலே ஒரு தொட்டி, அதிலிருந்து ஒரு நீளக் குழாய், ஒவ்வொரு ஜாடிக்கும் ஒரு கிளை. திருகைத் திறந்தால் இருபத்தாறும் தானாக நிரம்பித் தானாக நிற்குமாம். "நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கலாம்" என்றார். என்னிடம் போய் அதைச் சொன்னார், பாவம்.

பாய் அந்தப் படத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினார். "எல்லாத்தையும் ஒரே கொழாயில கட்டிப்புட்டா, எந்த ஜாடி ஜாஸ்தி குடிக்குதுன்னு உனக்கு எப்டி தெரியும்? ஜாஸ்தி குடிக்கிறவந்தான் சீக்காளி. கையால ஊத்துனாத்தான் ஆளு தெரியும்." சாமான் கப்பலில் வர வேண்டும், கிளை ஒன்று அடைத்துக்கொண்டால் அடுத்த கப்பல் வரும்வரை காத்திருக்க வேண்டும். வேண்டாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

நான் அப்போதே மனசுக்குள் வேறொன்றைத் தீர்மானித்துவிட்டேன். ரத்தம் அதிகம் போனவர்களுக்கும், வாந்தி பேதியில் வற்றிப் போனவர்களுக்கும் உப்புநீர் ஏற்றுவதற்கென்று எங்களிடம் ஒரு எனாமல் கேன் இருந்தது. அடியில் ரப்பர் குழாய், குழாயில் ஒரு கிளிப். உயரத்தில் மாட்டி, கிளிப்பைத் தளர்த்தினால் ஒழுகும், அழுத்தினால் நிற்கும். இதைவிட வேறென்ன வேண்டும்? பாட்டரி அறையின் வாசல் பக்கத்தில் ஓர் ஆணி அடித்தேன். கேனை மாட்டி, வடிநீரை ஊற்றி, குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலிலிருந்து ஆரம்பித்து ஜாடி ஜாடியாகப் போனேன். கால் மணியில் வேலை முடிந்தது. ஒரு சொட்டு வெளியே இல்லை. "பலே!" என்றார் பாய். அந்த வாரம் முழுவதும் நான் தரையில் நடக்கவில்லை.

இனி அவளைச் சொல்ல வேண்டும். விடுதியில் கூட்டிப் பெருக்கவும், கிணற்றிலிருந்து தண்ணீர் எடுத்துத் தொட்டி நிரப்பவும் ஓர் ஆயா இருந்தாள். என்னைவிடப் பத்து வயசு கூட இருக்கும். கோட்டூர்ப் பக்கம் ஆற்றங்கரையில் குடிசை. ஒரு வெள்ளத்தில் அது போய்விட, டாக்டரம்மா எஞ்சின் ஷெட்டுக்குப் பின்னால் ஓர் அறை கொடுத்திருந்தார். அவளுக்கு ஒரே பெண். அந்தப் பெண்ணின் முதல் குழந்தை குடிசையில், சிம்னி விளக்கில், கொடி கழுத்தைச் சுற்றியது யாருக்கும் தெரியாமல் பிறந்து, அழாமலே போய்விட்டது. அதற்கப்புறம்தான் இவள் எங்களிடம் வேலைக்கு வந்தாள்.

"அடுத்தது இந்த லைட்டு கீழதான் பொறக்கணும் நர்சம்மா. அதுக்குத்தான் இங்க வந்து பெருக்கிக்கினு கீறேன்" என்பாள். பிரசவ அறையைக் கழுவும்போது யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து அந்தப் பெரிய விளக்கை ஒரு தடவை போட்டு, அண்ணாந்து பார்த்து, அணைப்பாள். நான் பார்த்துவிட்டுக் கத்துவேன். "இன்னா இப்போ, ஒரு வாட்டி பாத்தா தேஞ்சா பூடும்?" என்று என்னையே கேட்பாள். அந்தப் பெண் மறுபடி உண்டாகியிருந்தாள்.

கேன் வேலை ஐந்தாறு மாதம் நன்றாகப் போயிற்று. பிறகு வாசல் பக்கத்து முதல் ஜாடி சோர ஆரம்பித்தது. கரண்டு ஏற்றிய அன்று மிதவை மேலே நிற்கும். மூன்று நாளில் தானாக முழுகிவிடும். அடுத்து இரண்டாவது. கொஞ்சம் கழித்து மூன்றாவதும். ஜாடியின் அடியில் பழுப்பாகச் சேறு படிந்தது. "இவனுங்க மூணு பேருக்கும் இன்னாவோ வந்துகீது" என்று பாய் தலையைச் சொறிந்தார். கம்பெனி ஏஜெண்டைக் கேட்டால், ஜாடியில் குறையே இல்லை, தண்ணீரில்தான் குறை என்றார். என் தண்ணீரிலா! எனக்கு வந்த கோபத்தில் அவரை வாசல் வரை பேசிக்கொண்டே துரத்தினேன்.

ஐப்பசியில் ஒரு நாள். மழை மூடி, பகல் மூன்று மணிக்கே உள்ளே இருட்டு. ஒருத்திக்குப் பிள்ளை பிறந்து, டாக்டரம்மா தையல் போட்டுக்கொண்டிருந்தார். விளக்கு மஞ்சளாயிற்று. பிறகு சிவப்பாயிற்று. நான் ஹரிக்கேன் விளக்கைத் தூக்கிப் பிடிக்க, டாக்டரம்மா தடவித் தடவித் தைத்து முடித்தார். அந்தப் பெண் பிழைத்தாள். ஆனால் கையுறையைக் கழற்றும்போது டாக்டரம்மா என்னைப் பார்க்காமலே கேட்டார்: "அந்த அறையில் யார் கை வைக்கிறார்கள்? நாளைக்குள் எனக்குத் தெரிய வேண்டும்."

என்னால் நிற்க முடியவில்லை, இருக்க முடியவில்லை. மறுநாள் காலை பாய் எஞ்சினை ஓட்டினார். நான் பாட்டரி அறையில் இப்படியும் அப்படியும் நடந்தேன். அப்போதுதான் மூக்கில் ஏறியது: பிளீச்சிங் பவுடர் வாசனை. லேசாகத்தான். குனிந்து குனிந்து மோந்தேன். வாசல் பக்கத்து முதல் ஜாடியிலிருந்து வந்தது. பாயைக் கூப்பிட்டேன். அவர் மூக்கில் எஞ்சின் எண்ணெயைத் தவிர வேறு எதுவும் ஏறாது. "ஒண்ணும் தெரியலியே" என்றார்.

எனக்குத் தெரிந்துவிட்டது. பேதி பரவிய சமயமாதலால் கிணறுகளில் எல்லாம் ஆள் வந்து பிளீச்சிங் பவுடர் கொட்டிவிட்டுப் போயிருந்தான். எங்கள் கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாமல் நாறியது. அந்தத் தண்ணீரைக் குடம் குடமாகச் சுமப்பவள் யார்? பாட்டரி அறையைப் பெருக்குபவள் யார்? வாசல் பக்கத்து ஜாடிகள்தானே அவள் கைக்கு எட்டும்! ஜாடியில் தண்ணீர் குறைந்திருப்பதைப் பார்த்து, நல்லது செய்வதாக நினைத்து, குடத்திலிருந்து ஊற்றியிருக்கிறாள். கணக்கு அவ்வளவு சுத்தமாக வந்தது. எனக்கு அன்றைக்கு ஒரு விதமான சந்தோஷம்கூட வந்தது என்பதை இப்போது சொல்லித்தான் ஆக வேண்டும்.

பாட்டரி அறை வாசலிலேயே அவளைக் கூப்பிட்டேன். டாக்டரம்மா வந்தார், பாய் நின்றார், சமையல்கார அம்மாள் கரண்டியோடு எட்டிப் பார்த்தாள்.

"இந்த ஜாடியில தண்ணி ஊத்தினியா, இல்லையா?"

"நா இன்னாத்துக்கு ஊத்தப் போறேன்? பெருக்கினேன், பூட்டேன்."

"தொட்டதே இல்லையா?"

கொஞ்சம் தயங்கினாள். "வெளிய தூசி கீதேன்னு ஈரத் துணியால தொடச்சேன்."

"பாத்தேளா!" என்றேன் டாக்டரம்மாவிடம். கோபம் வந்தால் எனக்கு மயிலாப்பூர்ப் பேச்சு வந்துவிடும். "எங்காத்துல இருந்தா இவளை வாசப்படி மிதிக்க விடுவாளா? நான் சொட்டுச் சொட்டா வடிச்சு வைக்கறேன், இவ குடத்தைக் கவிழ்த்துட்டுப் போறா!"

அவள் என்னைப் பார்த்தாள். "நா ஊத்துல நர்சம்மா. என் பொண்ணு மேல சத்தியமா ஊத்துல." அவ்வளவுதான் சொன்னாள். அழவில்லை, கூச்சல் போடவில்லை. போட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

டாக்டரம்மா குனிந்து அந்த ஜாடியைப் பார்த்தார். நேற்றைய தையல் அவர் விரல்களில் இன்னும் இருந்தது போலும். "இங்கே ஓர் உயிர் போயிருக்கும். நீ போய்விடு" என்றார். அன்று சாயங்காலமே அவள் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு, பாத்திரங்களைத் தலையில் வைத்துக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போனாள். பின்னால் வயிற்றைத் தாங்கிக்கொண்டு பெண் போனாள். அவளுக்கு அப்போது ஏழாம் மாதம்.

பாய் அந்த மூன்று ஜாடிகளையும் கொட்டி, கழுவி, புது ஆசிட் ஊற்றினார். பாட்டரி அறைச் சாவியை நான் இடுப்பில் செருகிக்கொண்டேன். நானே பெருக்கினேன், நானே துடைத்தேன், நானே தண்ணீர் விட்டேன். வேறு ஈ காக்கை உள்ளே போகவில்லை.

ஆறு வாரம் கழித்து, எஞ்சின் ஓடிக்கொண்டிருந்த ஒரு காலையில், கதவைத் திறந்தேன். பிளீச்சிங் பவுடர் வாசனை.

முதல் ஜாடி. அதே ஜாடி. பாய் குழாயை விட்டுப் பார்த்தார். மிதவை முழுகியது. இரண்டாவது கொஞ்சம் தேவலை. மூன்றாவது சுமார். கிணற்றுக்குப் பவுடர் போட்டு ஒரு மாதத்துக்கு மேலாகியிருந்தது. அன்று காலைதான் அந்தத் தண்ணீரை வாய் நிறையக் குடித்திருந்தேன். "சாவி யாராண்ட கீது?" என்று பாய் கேட்டார். சாவி இடுப்பைக் குத்தியது.

அடுத்த நாலு நாள் நான் மனுஷியாக இல்லை. கட்டில் கட்டிலாகப் போவேன், எதற்கு வந்தேன் என்று மறப்பேன். வடிகலத்தைப் பிரித்துக் கழுவினேன். வடிநீர் ஜாடியை மோந்தேன், நாக்கில் வைத்தேன். ஒன்றுமில்லை. சமையல்கார அம்மாளிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன். "இன்னிக்கு உனக்கு என்ன பிடிச்சிருக்கு?" என்று அவள் கேட்டது நியாயம்தான்.

ஐந்தாம் நாள் காலை ஓர் ஆண் குழந்தை பிறந்தது. பிறந்ததும் குழந்தைகளின் கண்ணில் ஒரு சொட்டு சில்வர் நைட்ரேட் விடுவோம். இல்லாவிட்டால் சிலதுகளுக்குக் கண்ணில் சீழ் பிடித்துப் பார்வையே போய்விடும். அந்த மருந்து பட்டு என் விரல் நுனிகள் எப்போதும் கறுத்திருக்கும். ஒரு சொட்டு விட்டு, உடனே உப்புநீரால் கழுவிவிட வேண்டும். உப்பு பட்டதும் அது பால் மாதிரி வெளுத்து வழியும். எத்தனையோ நூறு தடவை பார்த்ததுதான். அன்றும் வழிந்தது. பஞ்சால் துடைத்தேன். துடைத்த கை அப்படியே நின்றுவிட்டது.

உப்பு.

குழந்தையைத் தாயிடம் கொடுத்துவிட்டு ஓடினேன். ஒரு கண்ணாடிக் குவளையில் வடிநீர் எடுத்து ஒரு சொட்டு மருந்து விட்டேன். தெளிவாக இருந்தது. அதே வடிநீரைக் கேனில் ஊற்றி, ரப்பர் குழாய் வழியே இன்னொரு குவளையில் பிடித்து ஒரு சொட்டு விட்டேன். பாலாக வெளுத்தது. மறுபடி பிடித்தேன், கொஞ்சம் குறைவு. மூன்றாம் தடவை லேசாகப் புகை மாதிரி. நான்காம் தடவை ஒன்றுமில்லை. மூன்று குவளை, மூன்று ஜாடி.

நான் படித்த படிப்பில் அழுக்கு என்றால் கிருமி. நோயாளிக்கு ஏற்றும் முன் கேனையும் குழாயையும் கொதிக்க வைப்போம். ஏற்றி முடித்தபின் வடியவிட்டு ஆணியில் மாட்டிவிடுவோம். பாட்டரிக்குக் கிருமியால் என்ன வந்தது என்று, நான் கொதிக்க வைக்காமல் அப்படியே ஊற்றினேன். குழாயில் காய்ந்து கிடந்த உப்பு முதல் மூன்று ஜாடிகளுக்குப் போயிற்று, வாரா வாரம். வாசலில் இருந்து ஆரம்பித்தது நான்தான். உப்பை நான் அழுக்கென்று நினைத்ததே இல்லை; உப்புநீரால்தானே புண்ணைக் கழுவுகிறோம்! அந்த வாசனையும் அதில்தான் வந்தது என்று பாய் அப்புறம் யாரையோ கேட்டுவந்து சொன்னார். கரண்டு ஏறும்போது உப்பு உள்ளே உடைந்து அப்படி நாறுமாம். கேன் என் கைப் பொருள், குடம் அவள் கைப் பொருள். இரண்டில் எது அழுக்கு என்று நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. பிறந்த வீட்டை உதறிவிட்டு வந்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அதைக் கூடவே தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேன்.

டாக்டரம்மாவிடம் மூன்று குவளைகளையும் கொண்டுபோய் வைத்தேன். அவர் பார்த்தார். "இதை என்னிடம் ஏன் காட்டுகிறாய்?" என்றார். "ஆயாவின் பெண்ணுக்கு மாதமாகிவிட்டது, தெரியுமா உனக்கு? போ."

பட்டப் பகலில் ஆற்றங்கரைக்கு நடந்தேன். மழை விட்டிருந்தது, சேறு. குடிசைகளுக்கு நடுவே கேட்டுக் கேட்டுப் போனேன். அவள் வாசலில் உட்கார்ந்து கிழிந்த கோணியைத் தைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

"நீ ஊத்தலை. நான்தான். என் கேன்ல உப்பு இருந்தது" என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன்.

அவள் நூலைப் பல்லால் கடித்தாள். "நா ஊத்துலன்னு எனுக்குத் தெரியும். உனுக்குத்தான் இன்னிக்குத் தெரிஞ்சிகீது."

"திரும்பி வா. பொண்ணை அழைச்சிண்டு வா. டாக்டரம்மா சொல்லி அனுப்பினா."

"லைட்டு எரியுதா?"

அந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. "எரியும். மூணு ஜாடியையும் தள்ளிட்டு மத்ததை வச்சு பாய் இணைச்சிண்டிருக்கார்."

கோணியில் இன்னும் இரண்டு தையல் போட்டாள். "அவள இட்டாறேன். அவளுக்குக் கோவம் இல்ல, பயந்தான். நா உங்க படி ஏற மாட்டேன். அது மட்டும் கேக்காத."

பாய் இரண்டு நாள் தங்கிப் பாடுபட்டார். கெட்ட மூன்றையும் தாண்டி வயரைப் பூட்டினார். இருபத்துமூன்றே ஜாடிகள்; விளக்கு சற்று மட்டு, ஆனால் நின்று எரிந்தது. கேனை நான் ஆணியிலிருந்து இறக்கினேன். அடிப்பக்கத்தில் குழாய் வைத்த பெரிய கண்ணாடி பாட்டில் ஒன்றைப் பாட்டரிக்கென்றே ஒதுக்கி, புது ரப்பர் குழாய் மாட்டி, கழுத்தில் சிவப்பு நூல் கட்டினேன். நோயாளி பக்கம் அது போகாது, நோயாளி சாமான் இந்தப் பக்கம் வராது. முதலில் ஒழுகுவதை வாளியில் பிடித்து, ஒரு சொட்டு மருந்து விட்டுப் பார்த்து, தெளிந்தால்தான் ஜாடிக்கு. ஏஜெண்ட் சொன்ன தொட்டியைவிட இது நேரம் பிடித்தது. பிடிக்கட்டும் என்று, வாழ்க்கையில் முதல் தடவையாக, நின்று பார்த்தேன்.

நான் போய் வந்த எட்டாம் நாள் மத்தியானம் கை ரிக்‌ஷாவில் வந்தார்கள். ஜோராக மழை. பெண்ணை நான் தாங்கி உள்ளே கொண்டுபோனேன். ஆயா, சொன்னது சொன்னபடி, படி ஏறவில்லை. பிரசவ அறைக்கு வெளிப்பக்கம் ஒரு வாசல் உண்டு, அதன் கீழ்ப்படிக்குக் கீழே, கோணியைத் தலையில் போட்டுக்கொண்டு, மழையிலேயே நின்றாள். "உள்ளே வரச் சொல்" என்றார் டாக்டரம்மா. கூப்பிட்டேன். தலையை ஆட்டினாள். கதவை மட்டும் திறந்து வைக்கச் சொன்னாள். அங்கிருந்து அவளுக்கு விளக்கு தெரிந்தது.

என் காது அந்தப் பெண்ணிடம், கண் விளக்கில். மஞ்சளாகிறதா, மஞ்சளாகிறதா என்று அண்ணாந்து அண்ணாந்து பார்த்து டாக்டரம்மாவிடம் திட்டு வாங்கினேன். மூன்று மணி நேரம். தலை தெரிந்தது. "கொடி" என்றார் டாக்டரம்மா. கழுத்தை இரண்டு சுற்று சுற்றியிருந்தது. வெளிச்சத்தில் நீலமாக, பளிச்சென்று தெரிந்தது. அவர் விரலை நுழைத்து ஒரு சுற்றை எடுத்தார், இரண்டாவதையும் எடுத்தார். பெண் குழந்தை. ஒரு வினாடி ஒன்றுமில்லை. அப்புறம் அழுதது பாருங்கள் ஓர் அழுகை! சமையல்கார அம்மாள் நடுக் கூடத்திலிருந்து "அப்பாடா" என்று கத்தினாள். வாசலுக்கு வெளியே அவள் கோணியைத் தலையிலிருந்து எடுத்துவிட்டிருந்தாள்; முகமெல்லாம் மழைத் தண்ணீர்.

குழந்தையைத் துடைத்து, இரண்டு கண்ணிலும் ஒவ்வொரு சொட்டு மருந்து விட்டேன். உப்புநீர்க் குவளையை எடுத்தேன்.

"நர்சம்மா."

திரும்பினேன். கீழ்ப்படியில் நின்றபடியே என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தக் கிளாச கழுவுனியா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். டாக்டரம்மா, கட்டிலில் கிடந்த பெண், கூடத்துக் கதவருகே சமையல்கார அம்மாள், அவளுக்குப் பின்னால், விளக்கைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த பாய். அந்தப் பெண்ணைத் தவிர, அன்றைக்குப் பாட்டரி அறை வாசலில் நின்ற அதே ஆட்கள். நான் நர்ஸ், பிரசவ அறையில் என்னைப் பார்த்து அப்படி யாரும் கேட்டதில்லை. அந்தக் குவளையை நான் கழுவியிருந்தேன், கொதிக்கவும் வைத்திருந்தேன். வாய் வரை வந்தது. விழுங்கினேன்.

"அன்னிக்குக் கழுவாம விட்டது நான்தான்" என்றேன், எல்லாருக்கும் கேட்கும்படி. "உன் மேல பழியைப் போட்டேன். தப்பு என்னோடது."

"அத்த கேக்கல. இத்த கழுவுனியா?"

"கழுவினேன்."

"என் கண்ணு முன்னால கழுவு."

குவளையில் இருந்ததைக் கொட்டினேன். சுடுதண்ணீரில் ஒரு தடவை கழுவினேன், அவள் பார்த்தாள். இரண்டாம் தடவை கழுவினேன். குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது. மூன்றாம் தடவையும் கழுவி, புது உப்புநீர் ஊற்றி, அவளுக்குத் தெரியும்படி தூக்கிக் காட்டினேன். பேத்தியின் கண்ணில் விட்டேன். பால் மாதிரி வெளுத்து வழிந்தது.

அவள் சேற்றுக் காலை மழையில் கழுவிக்கொண்டு படி ஏறி உள்ளே வந்தாள்.